எரிபந்தம்: புள்ளி தெரிவதற்கு முன் இலைக்குள் நடப்பது

முரசுமோட்டையில் இரணைமடுத் தண்ணீர் பாயும் பக்கமாக எங்களுக்குக் கொஞ்ச வயல் இருக்கிறது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மிச்ச நேரத்தில் கமம். சில வருடங்களுக்கு முன் ஒரு காலபோகத்தில், கதிர் பறிந்து கொஞ்ச நாளில் கதிர்கள் வெளிறிப்போய் நிமிர்ந்து நின்றன. தண்டுத் துளைப்பான் என்று நினைத்துப் புழுவுக்கு மருந்து வாங்கி அடித்தேன். பலனில்லை.

பக்கத்து வயல் ஐயா வந்து பார்த்தார். "தம்பி, கதிரைப் பிடிச்சு இழுத்துப் பாரும். புழு எண்டால் கையோடை வரும். இது வராது. கழுத்தைப் பாரும்" என்றார். கதிரின் கழுத்தில் கறுத்த வளையம் இருந்தது. எரிபந்தம். வெட்டியபோது பாதிக்கு மேல் சப்பி. அந்தப் போகத்துக்காக அடகு வைத்த நகையை அந்த வருடம் மீட்க முடியவில்லை.

நொதியங்களைப் பற்றி வகுப்பில் வருடக்கணக்காகப் படிப்பித்தவன் நான். என் வயலில் அவை செய்த வேலையைப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

பூட்டை உடைக்கும் விதம்

எரிபந்தத்தை உண்டாக்குவது மக்னபோர்தே ஒரைசே என்ற பங்கசு. காற்றில் வரும் அதன் வித்தி, பனியில் நனைந்த நெல் இலையில் ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. முளையின் நுனி குமிழ்போல வீங்கி, உட்சுவரில் மெலனின் என்ற கறுப்புப் பொருளைப் பூசிக்கொள்கிறது. அந்தப் பூச்சு இருப்பதால் குமிழுக்குள் அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். அது 80 வளிமண்டல அமுக்கம் வரை போவதாக அளந்திருக்கிறார்கள். கார் ரயரில் உள்ளதைவிட ஏறத்தாழ 40 மடங்கு. அந்த விசையில் ஊசிபோன்ற ஓர் இழை இலைத்தோலைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது.

விசை மட்டும் போதாது. இலையின் மேற்பூச்சான கியூற்றினை வெட்ட கியூற்றினேசு, கலச்சுவரின் செலுலோசை வெட்ட செலுலேசு, அதோடு பின்னியிருக்கும் சைலனை வெட்ட சைலனேசு என்று பல நொதியங்களைப் பங்கசு சுரக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு பூட்டுக்கான சாவி. தக்காளிப் பழத்தை அழுகவைக்கும் பங்கசுகள் பெக்ரினைக் கரைக்கும் நொதியங்களையே அதிகம் நம்பியிருக்கின்றன. நெல்லின் சுவரில் பெக்ரின் குறைவு, சைலன் அதிகம். அதனால் நெல்லைத் தாக்குபவனிடம் சைலனேசு வகைகள் பல இருக்கின்றன. இந்தப் பங்கசின் மரபணுத்தொகுதி 2005இல் வாசிக்கப்பட்டபின் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடுவது இலகுவானது.

நெல்லும் சும்மா இருப்பதில்லை. பங்கசின் சுவர் கைற்றினால் ஆனது. அதை வெட்டும் கைற்றினேசு நெல்லிடம் இருக்கிறது. வெட்டுப்பட்ட துண்டுகளை உணர்ந்து பயிர் தன் எதிர்ப்பைக் கூட்டும். அந்தத் துண்டுகளைப் பிடித்து மறைக்கும் ஒரு புரதத்தைப் பங்கசு வைத்திருக்கிறது. இவ்வளவும் நடந்து சில நாட்களுக்குப் பிறகுதான், நடுவில் சாம்பல் நிறமும் இரு முனையும் கூருமாகக் கண்வடிவப் புள்ளி நம் கண்ணுக்குத் தெரிகிறது.

மருந்து எப்போது?

திரைசைக்கிளசோல் போன்ற மருந்து பங்கசைக் கொல்வதில்லை. மெலனின் செய்யும் நொதியம் ஒன்றைத் தடுக்கிறது. மெலனின் இல்லாத குமிழுக்கு அமுக்கம் ஏறாது, துளைக்கவும் முடியாது. ஆகவே உள்ளே போய்விட்ட பங்கசை அது ஒன்றும் செய்யாது. இனி வரப்போவதைத்தான் தடுக்கும். கழுத்து கறுத்தபின் எதை அடித்தாலும் அந்தக் கதிர் திரும்பாது என்பதற்குக் காரணம், கதிருக்குச் சாப்பாடு போகும் வழியே அங்கே அடைபட்டுவிடுவதுதான்.

மார்கழி, தை மாதங்களில் இரவு குளிர்ந்து, காலையில் வெகுநேரம் இலையில் பனி நிற்கும். எங்கள் பக்கத்தில் காலபோக நெல் குடலையாகிக் கதிர் பறிவதும் அந்த நாட்களில்தான். அந்தக் கிழமைகளில் வரம்பில் நின்று பார்த்துவிட்டு வருவது போதாது. வயலுக்குள் இறங்கி இலையைப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

சுவரைப் பலமாக்குதல்

யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் பயிர் கரும்பச்சையாகச் செழிக்கும். ஆனால் இலை மென்மையாகி நோய்க்கு இலகுவாக இடம்கொடுக்கும். என் வயலில் அந்த வருடம் நடந்ததும் இதுதான். மாறாக, நெல் உறிஞ்சும் சிலிக்கா இலைத்தோலை உறுதியாக்கும். வைக்கலிலும் உமியிலும் சிலிக்கா நிறைய உண்டு. நோய் வராத வயலின் வைக்கலை விற்காமல் மண்ணோடு சேர்த்தால் அது வயலுக்கே திரும்பும். நாற்றுமேடைக்கு உமிக்கரி நல்லது.

இப்போது நான் யூரியாவைப் பிரித்துப் போடுகிறேன். நோய் வந்த வயலில் விதைநெல் எடுப்பதில்லை. ஒரே மருந்தைப் போகத்துக்குப் போகம் அடித்தால் பங்கசு பழகிவிடும் என்பதால், எது, எவ்வளவு என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கிறேன். கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான். போகும்போது நோய் பிடித்த செடி ஒன்றையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போகிறேன்.