பெட்ரோல் ஆவிக்கு ஒரு வால்வு

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. அதன் மூலத்தை 1950களின் தொடக்கத்தில் கால்டெக் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் விளக்கினார்: ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. இந்த ஹைட்ரோகார்பன்கள் புகைக்குழாயிலிருந்து மட்டும் வரவில்லை. சும்மா நிற்கும் காரின் டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் பெட்ரோல் ஆவியாகக் கசிந்துகொண்டே இருந்தது.

கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களுக்கும், அமெரிக்கா முழுவதும் அடுத்த ஆண்டு மாடல்களுக்கும் இந்தக் கசிவுக்கு வரம்பு வந்தது. இதற்காகப் பொருத்தப்பட்ட, கரித்தூள் நிரப்பிய டப்பா ஆவியைப் பிடித்து வைக்கும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அதை இன்ஜினுக்குள் எரிய அனுப்பும்.

தொடக்க கால வால்வுகள் இன்ஜினின் வெற்றிடத்தால் இயங்கின. கைப்பம்பு வைத்து உறிஞ்சிப் பார்ப்பதே சோதனை. பிறகு கணினி இயக்கும் மின்வால்வுகள் வந்தன. மின் இணைப்பைக் கழற்றிய நிலையில் இவற்றில் பெரும்பாலானவை மூடியிருக்க வேண்டும். அப்போதும் காற்று புகுந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுவது இதன் தெளிவான அறிகுறி. 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்ற ஒலி கேட்கும். ஆனால் ஒலியை மட்டும் நம்பக்கூடாது, காற்று போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

1996 முதல் அமெரிக்கக் கார்களில், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓபிடி-2 முறை கட்டாயமானது. ஆவிக் கசிவை வண்டியே கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவிடுகிறது. விளக்கு எரிந்தால் வால்வை மாற்றுவதற்கு முன், டேங்க் மூடி இறுக மூடியிருக்கிறதா என்று பார்ப்பது செலவைக் குறைக்கும்.