சேம அச்சு

புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒரு மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். உப்பு வணிகரான உமணர், பாரம் மிகுந்த வண்டியின் அடிமரத்தில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டே புறப்படுவர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். வகுப்பறையில் நாம் உவமையின் நயத்தோடு நின்றுவிடுகிறோம். ஆனால் அப்பாடலுக்குள் ஒரு தொழில்நுட்பச் செய்தியும் இருக்கிறது. அச்சு வழியில் முறியக்கூடும். முறிந்தால் வண்டிக்காரனே அங்கேயே மாற்றிக்கொள்ள முடியும். வண்டியைச் செய்தவன் அது ஓடுவதை மட்டுமல்ல, உடைவதையும் எண்ணிச் செய்திருக்கிறான்.

டயர் வண்டிகள் வரும்வரை நாஞ்சில் நாட்டில் நெல்லையும் உப்பையும் சுமந்த மாட்டுவண்டிகள் இந்த மரபிலேயே வந்தவை. சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் தனித்தனி உறுப்புகள். வட்டையில் ஒரு துண்டு பிளந்துவிட்டால், இரும்புப் பட்டையைக் கழற்றி அந்தத் துண்டை மட்டும் மாற்றுவார்கள். பின் பட்டையைக் கனலில் காய்ச்சி ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகிக்கொள்ளும். செய்தவரும் செப்பனிட்டவரும் அதே தச்சர், அதே கொல்லர். கழற்ற வராதபடி ஒன்றைச் செய்துவைத்தால் நாளை அவரே அதோடு மல்லுக்கட்ட வேண்டும். நல்ல வடிவமைப்புக்கு இதைவிடப் பெரிய காவல் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

மோட்டார் வந்த பிறகும் சிறிது காலம் இந்த உறவு அறுபடவில்லை. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியது. நாகர்கோவில் அப்போது அந்தச் சமஸ்தானத்துக்குள் இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் தடம் முதலில் அரசுடைமையானவற்றுள் ஒன்று. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்டர் என்பவர் அதற்குப் பொறுப்பாளராக அழைத்துவரப்பட்டார். அடிச்சட்டமும் இயந்திரமும் இங்கிலாந்திலிருந்து வந்தன. மேற்கூட்டைத் துறையின் ஊழியர்களே கட்டினார்கள். எந்தத் திருகாணி எந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதாக இருந்திருக்காது.

வடிவமைப்பவரும் பழுது பார்ப்பவரும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நாடுகளில் வாழத் தொடங்கியபின் நிலைமை மாறியது. ஆயினும் இத்தாலியில் 1946-இல் வெளிவந்த வெஸ்பா ஸ்கூட்டர் ஓர் அருமையான விதிவிலக்கு. அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். உடையை அழுக்காக்குகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்பவை அவருடைய குறைகள். ஆகவே விமானத்தின் சக்கரம்போல ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் தாங்கியை வைத்தார். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். சில திருகாணிகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக் இந்த வழியில் வந்ததுதான். அதில் தொங்கிய ஸ்டெப்னியை நாற்பது வயது கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். (வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரில், ஸ்டெப்னி என்னும் தெருவில் 1904-இல் உருவானது இந்த மாற்றுச் சக்கரம். தெருவின் பெயர் நம்மூர்ச் சொல்லாகிவிட்டது.)

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் முன்பகுதி முழுவதும், சக்கர மூடிகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயரின் மேலேயே அமர்ந்து வேலை செய்யலாம். ஆனால் இதன் மூலவடிவம் பிறந்த கதை வேடிக்கையானது. வழக்கமாக உடற்கூடு செய்துகொடுத்த இங்கிலாந்து நிறுவனம் போட்டியாளரின் கைக்குப் போய்விட்டது. வேறு வழியின்றித் தனி அடிச்சட்டத்தின்மீது பகுதி பகுதியாகத் திருகி இணைக்கும் உடலை வடிவமைத்தார்கள். பிரித்துப் பூட்டும் வசதிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது கருணைக்கு அல்ல, நெருக்கடிக்கு.

2008 ஜனவரியில் டில்லியில் காட்சிக்கு வைக்கப்பட்ட டாடா நானோவில் நெருக்கடி எதிர்த்திசையில் வேலை செய்தது. ஒரு லட்சம் ரூபாய் விலை என்ற வாக்குறுதிக்காகப் பின்கதவு திறக்காதபடி அமைக்கப்பட்டது. இயந்திரமோ பின்புறத்தில். அதைப் பார்க்கப் பின்னிருக்கையை மடக்கி, உள்ளே இருக்கும் மூடியின் திருகுகளைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் ஊற்ற ஒவ்வொரு முறையும் முன்மூடியைத் திறக்க வேண்டும். செலவைக் குறைக்க எடுத்த முடிவு என்பதால் இதை முழுவதும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2015-இல் அதே காருக்குத் திறக்கும் பின்கதவு வந்தது. முடியாத காரியமாக அது எப்போதும் இருக்கவில்லை. 2018-இல் நானோவின் தயாரிப்பு நின்றது.

எந்த நியாயமும் சொல்ல முடியாதது நாம் அன்றாடம் ஓட்டும் கியரில்லா ஸ்கூட்டர்களின் நிலை. தஸ்கானியோவின் ஒற்றைப் பக்கத் தாங்கி இவற்றில் பலவற்றின் பின்சக்கரத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் வெறுமையாக விட்ட மறுபக்கத்தில் சைலன்சரைப் பொருத்தியிருக்கிறார்கள். டயர் மாற்ற, முதலில் சைலன்சரைக் கழற்ற வேண்டும். சூட்டிலும் கடற்காற்றின் உப்பிலும் துருவேறிய திருகாணி எளிதில் அசையாது. சில சமயம் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும். கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் சாலையோரக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அரைமணி வேலை அரைநாளாகும். கூலியைக் கூட்டிக் கேட்டால் வண்டிக்காரர் அவரைத்தான் முறைப்பார், வரைபடம் போட்டவரை அல்ல.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இல்லை. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது; அது மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் நடுவண் அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. இவை பாகமும் தகவலும் கிடைக்க வழிசெய்யலாம். திருகாணி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது இவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. அந்த இடத்தைத் தொட்ட விதி ஒன்று உண்டு. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 48-ஆம் வாகன விதிப்படி, மாற்றத்தக்க பல்புகளை, வண்டியோடு தரப்பட்ட கருவிகளைத் தவிர வேறு சிறப்புக் கருவி எதுவும் இல்லாமல் மாற்றும்படி விளக்குகளைப் பொருத்த வேண்டும். விளக்குகளுக்கு மட்டுமான விதி அது. பின்சக்கரத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.