ஒரு பேனா திறந்த பூட்டு

2004 செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இளைஞர் ஒருவர் ஒரு பிக் பால்பாயிண்ட் பேனாவின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, அந்த முனையைத் தன் சைக்கிள் பூட்டின் சாவித் துளைக்குள் சொருகினார். இப்படியும் அப்படியும் அழுத்தித் திருகினார். பூட்டு திறந்து கொண்டது!

அது தெருவோரக் கடையில் வாங்கிய மட்டமான பூட்டு அல்ல. கிரிப்டோனைட் என்ற பெயரில், சைக்கிள் பூட்டு என்றாலே அமெரிக்கர்கள் முதலில் சொல்கிற கம்பெனியின் யூ-லாக். அதை உடைக்கத்தான் திருடர்கள் முப்பது வருடமாகப் படாத பாடு பட்டுக் கொண்டிருந்தார்கள்.

சைக்கிள் பூட்டுக்குள் இவ்வளவு பெரிய கதை எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால் 1970களின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். அதுவரை அமெரிக்காவில் சைக்கிள் என்றால் பெரும்பாலும் சிறுவர்களின் பொருள். திடீரென்று பெரியவர்களும் கியர் வைத்த சைக்கிள்களை வாங்கத் தொடங்கினார்கள். 1970-ல் சுமார் 70 லட்சமாக இருந்த வருடாந்திர விற்பனை 1973-ல் ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. மூன்றே வருடத்தில் இரண்டு மடங்கு! விலை உயர்ந்த, எடை குறைந்த, சுலபமாகத் தூக்கிக் கொண்டு போகக்கூடிய ஒரு பொருள் நகரத்துத் தெருக்களில் லட்சக்கணக்கில் நின்றால் என்ன ஆகும்? திருட்டும் ஒரு தொழிலாக வளர்ந்தது.

அப்போது இருந்த பாதுகாப்பு சங்கிலியும் ஆமைப்பூட்டும்தான். ஒரு நல்ல போல்ட் கட்டர் இருந்தால் சங்கிலியை அறுக்க சில வினாடிகள் போதும். நம்மூர் சைக்கிளில் பின் சக்கரத்தை மட்டும் பிடித்துக் கொள்ளும் வளையப் பூட்டு இருக்கிறதே, அது ஓட்டிக் கொண்டு போவதைத் தடுக்கும். தோளில் போட்டுக் கொண்டு போவதைத் தடுக்காது. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க ஆள் இருக்கும் வரை அது போதும். ஆளில்லாத பெருநகரத் தெருவில் போதாது.

இந்த நேரத்தில்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டான்லி கப்ளான் என்பவர் சங்கிலியே இல்லாத ஒரு பூட்டை வடிவமைத்தார். வளைத்த உலோகம் ஒன்று, அதன் வாயை மூடக் குறுக்கே ஒரு பட்டை. அவ்வளவுதான். 1971-ல் மைக்கேல் ஜேன் என்ற இளைஞர் அந்த வடிவமைப்பை நம்பி ஒரு கம்பெனியை ஆரம்பித்தார். கிரிப்டோனைட் என்பது சூப்பர்மேன் கதையில் வரும் கல். எதற்கும் அசராத சூப்பர்மேனையே பலவீனமாக்கி விடும். திருடனை அடக்கும் பூட்டுக்குப் பொருத்தமான பெயர் என்று நினைத்திருப்பார்கள். அதே பெயர் பின்னால் வேறு மாதிரி பொருந்தப் போகிறது என்று யாருக்குத் தெரியும்!

பூட்டைச் செய்தாகி விட்டது. யார் நம்பி வாங்குவார்கள்? 1972-ல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தெருக்கம்பம் ஒன்றோடு ஒரு சைக்கிளைச் சேர்த்துப் பூட்டிவிட்டு, முப்பது நாட்கள் அப்படியே விட்டார்கள். நியூயார்க் திருடர்களுக்கு வெளிப்படையான சவால். மாதம் முடிந்தபோது கழற்றக்கூடிய ஒவ்வொரு பாகமும் காணாமல் போயிருந்தது. ஆனால் பூட்டு உடையவில்லை. கம்பத்தோடு பிரேம் இருந்தது.

விளம்பரமாகப் பார்த்தால் பெரிய வெற்றி. சைக்கிள்காரன் கண்ணால் பார்த்தால்? ஒரு எலும்புக்கூடு! பூட்டு எதைப் பிடித்திருக்கிறதோ அதை மட்டும்தான் காப்பாற்றும். கைப்பிடியைத் திருப்பினாலே கழன்று வரும் சக்கரங்கள் பந்தய வீரர்களுக்காக வந்தவை. நகரத்தில் அவை திருடனுக்கும் அதே வசதியைச் செய்து கொடுத்தன.

எதோடு எதைச் சேர்த்துப் பூட்டுவது என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர்களில் ஷெல்டன் பிரவுனைக் குறிப்பிட வேண்டும். மாசசூசெட்ஸில் சைக்கிள் கடையில் வேலை பார்த்த மெக்கானிக், 2008-ல் காலமானார். அவர் யோசனை கேட்க விசித்திரமாக இருக்கும். பிரேமை நேரடியாகப் பூட்ட வேண்டாம். பிரேமின் பின்பக்க முக்கோணத்துக்குள் வரும் இடத்தில் பின் சக்கரத்தின் ரிம்மைக் கம்பத்தோடு பூட்டினால் போதும் என்றார். ரிம்மை அறுக்காமல் சக்கரத்தை அந்த முக்கோணத்திலிருந்து உருவ முடியாது. அதனால் பிரேமும் சேர்ந்தே மாட்டிக் கொள்ளும். ரிம்மை அறுத்தால்? போக்ஸ் கம்பிகளின் இழுவிசையில் வெட்டு மூடிக் கொண்டு ஆக்சா பிளேடைக் கவ்விப் பிடிக்கும். அறுத்து முடித்தாலும் விலை அதிகமான பின் சக்கரம் பாழ். மிஞ்சுவது குறைந்த லாபம்.

இன்னொரு லாபமும் உண்டு. இந்த முறைக்குச் சின்ன யூ-லாக்கே போதும். பெரிய பூட்டில் பிரேமுக்கும் கம்பத்துக்கும் நடுவே காலி இடம் கிடக்கும். திருடன் அதில் காருக்கு வைக்கும் ஜாக்கியை நுழைத்து, மெல்ல மெல்ல விரித்து, பூட்டைப் பிளந்து விடுவான். அதிகம் காசு கொடுத்து அகலமான பூட்டு வாங்கியவர் ஜாக்கிக்கும் சேர்த்து இடம் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்!

கம்பெனி வளர்ந்தது. இரும்பு தடித்தது. திருடர்களுக்குப் பேர் போன நகரத்தின் பெயரிலேயே 'நியூயார்க்' என்று ஒரு ரகம் வந்தது. பூட்டு உடைந்து சைக்கிள் போனால் பணம் தருகிறோம் என்ற உத்தரவாதமும் கூடவே வந்தது. 2001-ல் இங்கர்சால் ராண்ட் என்ற பெரிய நிறுவனம் கிரிப்டோனைட்டை வாங்கியது. கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்படி ஒரு கம்பெனியை வாங்குகிறவர் இயந்திரத்துக்கும் இரும்புக்கும் மட்டும் விலை கொடுப்பதில்லை. முப்பது வருட நற்பெயருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அந்த நற்பெயர் முழுவதும் கண்ணுக்குப் புலனாகாத சொத்து. ஏழெட்டு ரூபாய் பேனாவால் அது கரையும் என்று எந்தத் தணிக்கையாளர் எழுதி வைத்திருப்பார்?

கோளாறு இரும்பில் இல்லை, சாவித் துளையில் இருந்தது. குளிர்பானம் விற்கும் தானியங்கி இயந்திரங்களில் இருப்பது போன்ற வட்டமான குழாய்ச் சாவி அது. துளைக்குள் வட்டமாகச் சில ஊசிகள் நிற்கும். ஒவ்வொன்றையும் அதற்குரிய ஆழத்துக்குச் சாவி தள்ளினால் பூட்டு திரும்பும். பிக் பேனாவின் குழாயும் அந்தத் துளையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பேனாவின் பிளாஸ்டிக் இளகியது. அழுத்தி ஆட்ட ஆட்ட, ஊசிகள் தாங்களே அதில் தங்கள் அச்சைப் பதித்துக் கொள்ளும். பூட்டே தனக்குச் சாவி செய்து கொள்கிறது!

அந்த இளைஞர் தான் கண்டதை இணையத்தில் எழுதினார். செய்முறையைக் காட்டும் வீடியோக்கள் பரவின. சில நாட்களில் நியூயார்க் டைம்ஸ் வரை செய்தி போய்விட்டது. அதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்றும் வெளிவந்தது. இந்த வகைப் பூட்டைப் பேனாவால் திறக்கலாம் என்று 1992-லேயே பிரிட்டனில் ஒரு சைக்கிள் பத்திரிகையில் எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டு வருடம்! இந்த இடைவெளியில் சைக்கிள் பறிகொடுத்து, "நீ சரியாகப் பூட்டியிருக்க மாட்டாய்" என்று பேச்சும் வாங்கிக் கொண்டவர்கள் எத்தனை பேரோ.

இப்படிப்பட்ட உத்தரவாதங்களில் வழக்கமான ஒரு நிபந்தனை உண்டு. உடைந்த பூட்டையும் சாவியையும் சாட்சியாகக் காட்ட வேண்டும். பேனாவால் திறந்த பூட்டு உடைவதே இல்லை. திருடன் அதையும் கையோடு கொண்டு போகலாம். சைக்கிளில் தபால் கொண்டு போய்ப் பிழைக்கும் மெசஞ்சருக்கு அந்த சைக்கிள்தான் சம்பளம். கம்பத்தடியில் வெறும் கையோடு நிற்பவர் எதைக் கொண்டு போய்க் காட்டுவார்?

வழக்குகள் வந்தன. கம்பெனி பழைய பூட்டுகளை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. 21 நாடுகளில் 3,80,000க்கும் அதிகமான பூட்டுகள் மாற்றப்பட்டன. செலவு சுமார் ஒரு கோடி டாலர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். வட்டச் சாவி போய்த் தட்டைச் சாவி வந்தது. மற்ற கம்பெனிகள் சிலவற்றின் பூட்டுகளும் இதே பேனாவுக்குத் திறந்தன. ஆனால் கெட்ட பெயர் கிரிப்டோனைட்டுக்குத்தான்! முன்னணியில் இருப்பதற்கு இதுவும் ஒரு விலை போலும்.

பிரிட்டனில் 1992-ல் போலீசாரின் முயற்சியில் தொடங்கிய 'சோல்டு செக்யூர்' அமைப்பு பூட்டுகளுக்குத் தரம் கொடுத்து வருகிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம். திருடனின் கருவிகளோடு ஒரு ஆள் முட்டி மோதும்போது வெண்கலம் ஒரு நிமிடம் தாக்குப் பிடிக்க வேண்டும், வெள்ளி மூன்று, தங்கம் ஐந்து என்று நீண்ட காலம் கணக்கு வைத்திருந்தார்கள். பூட்டு வாங்குகிறவர் கையில் கிடைப்பது அந்த நிமிடங்கள்தான்.

அந்த நிமிடங்களுக்குள் யாராவது கேட்க வேண்டுமே? 2012-ல் கேசி நைஸ்டட் என்ற படப்பிடிப்பாளர் நியூயார்க்கில் தன் சைக்கிளைத் தானே 'திருடி'ப் படம் எடுத்தார். ரம்பம், போல்ட் கட்டர், சுத்தியல்... நடந்து போனவர்கள் பார்த்தார்கள், போய்விட்டார்கள். கடைசியில் கூட்டம் மிகுந்த யூனியன் ஸ்கொயரில் தீப்பொறி பறக்க கிரைண்டரை ஓட்டிய பிறகுதான் போலீஸ் வந்தது.

கிரைண்டர் என்றால் மாவரைப்பது அல்ல, இரும்பை அறுப்பது. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் மலிவானதும் தங்கத் தரப் பூட்டுகளே ஓரிரு நிமிடத்தில் விழ ஆரம்பித்தன. அறுக்கும் தட்டையே தேய்த்துத் தின்றுவிடும் பூச்சுடன் சில பூட்டுகள் 2020களில் வந்திருக்கின்றன.

இரும்பு எவ்வளவு தடித்தாலும் அதைக் கட்டிப் போட ஒரு கம்பம் வேண்டும். நியூயார்க்கில் நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தவை கார் பார்க்கிங் மீட்டர்கள். காருக்கு ஒன்று என்றில்லாமல் தெருவுக்குச் சில பொது மீட்டர்கள் வந்ததும் பழையவற்றை எடுக்கத் தொடங்கினார்கள். சைக்கிள்காரர்கள் தவித்தார்கள். 2008-ல் நகராட்சி நடத்திய சைக்கிள் ஸ்டாண்டு வடிவமைப்புப் போட்டியில் கோபன்ஹேகனைச் சேர்ந்த இரண்டு வடிவமைப்பாளர்களின் வட்ட வளையம் வென்றது. பிறகு, மீட்டரின் தலையை மட்டும் எடுத்துவிட்டு, அதே பழைய கம்பத்தில் அந்த வளையத்தின் சிறிய வடிவத்தை மாட்டி விட்டார்கள். காருக்காக நட்ட கம்பம், இப்போது இரண்டு சைக்கிள்களுக்கு.