சீன மருத்துவத்தில் படிகாரம்

சவரத்துக்குப் பின் கன்னத்தில் தேய்க்கும் கல்லாகவும், கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கட்டியாகவும் தமிழர் அறிந்த படிகாரம் (சீனக்காரம்), சீன மருந்து நூல்களில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இடம்பெற்றுவரும் கனிமம். பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட்டு உப்பு இது; படிகத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நீர்தான். ஆலுனைட் என்னும் பாறையைச் சூளையில் சுட்டு, நீரில் கரைத்து, கரைசலை ஆறவிட்டுப் படியவைத்து எடுப்பார்கள். சீனத்தில் இதற்கு மிங்ஃபான், பைஃபான் என்று பெயர்கள் உண்டு. புளிப்பும் துவர்ப்பும் கூடிய சுவை, குளிர்ந்த தன்மை, நுரையீரல், மண்ணீரல், கல்லீரல், பெருங்குடல் ஆகிய தடங்களில் செல்லுதல் ஆகியவை சீன வைத்தியர் இதற்கு வகுத்த குணங்கள்.

‘ஃபான்’ என்பது படிகாரத்தை மட்டும் குறித்த சொல் அன்று. தாங் அரசு 659இல் வெளியிட்ட மருந்து நூல் நீலம், வெள்ளை, மஞ்சள், கறுப்பு, சிவப்பு என ஐந்து வகை ஃபான்களைச் சொல்கிறது. நம் கடைச்சரக்கில் அன்னபேதி, துருசு என்று தனித்தனியே வைக்கும் உப்புகள் அங்கே ஒரே குடும்பமாகக் கருதப்பட்டன. பழைய மருந்து முறைகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. வெறுமனே ஃபான் கல் என்று எழுதியிருந்தால் அது எந்த உப்பு என்பதைச் சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

ஹான் காலத்தில் தொகுக்கப்பட்ட ‘ஷென்னோங் பென்சாவ் ஜிங்’ தன் 365 மருந்துகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. அதில் ஃபான் கல் இருப்பது முதல் தரத்தில், ஆயுளை வளர்க்கும் பொருள்களின் வரிசையில். கழிச்சல், வெள்ளைப்படுதல், ஆறாப்புண், கண்வலி ஆகியவற்றுக்கு உதவும். எலும்பையும் பல்லையும் உறுதியாக்கும். சுத்தி செய்து உண்டுவந்தால் உடல் இலேசாகி முதுமை அண்டாது என்கிறது அந்நூல். சித்தி வேட்கையில் உலோகங்களையும் உப்புகளையும் விழுங்கிய காலத்தின் நம்பிக்கை இது.

அந்த நம்பிக்கையை முதலில் உரசிப் பார்த்தவர் தாவ் ஹோங்ஜிங் (456–536). தாவோ நெறியில் ஊறியவர், ரசவாதியும்கூட. ஆனாலும் பழைய நூலுக்கு உரை எழுதும்போது இந்த இடத்தில் நின்றுவிட்டார். மக்கள் பல்வலிக்கு இதை வைக்கிறார்கள், அளவு மிஞ்சினால் பல்லே கெடுகிறது; எலும்புக்குக் கேடு என்பதற்கு அதுவே சான்றாக இருக்க, எலும்பை உறுதியாக்கும் என்பதை எப்படி ஏற்பது என்று கேட்டார். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் அலுமினியம் தேங்கினால் எலும்பு மென்மையாகும் என்பதை மருத்துவம் 20ஆம் நூற்றாண்டில்தான் கண்டறிந்தது. தாவுக்கு அலுமினியம் பற்றி எதுவும் தெரியாது. பல்லைப் பார்த்தே சந்தேகப்பட்டார்.

ஜாங் ஜோங்ஜிங் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதாகக் கொள்ளப்படும் ‘ஜின்குய் யாவ்லுயே’யில் ஆயுள் வளர்ச்சிப் பேச்சே கிடையாது. பொரித்த படிகாரம் மூன்று பங்கு, வாதுமைப் பருப்பை ஒத்த சர்க்கரை பாதாமி விதைப் பருப்பு ஒரு பங்கு, இரண்டையும் தேனில் பிசைந்து இலந்தைக்கொட்டை அளவில் உருட்டிய மாத்திரையைப் பெண்ணுறுப்பில் வைக்கச் சொல்கிறது ஒரு முறை, அது வெள்ளைப்படுதலுக்கு. கால்வீக்க நோய் நெஞ்சுக்கு ஏறினால், புளித்த தானிய நீரில் படிகாரத்தைக் கொதிக்கவைத்துக் காலை அமிழ்த்தச் சொல்கிறது இன்னொன்று. மூன்றாவது முறை கருங்காமாலைக்கு உரியது: வெடியுப்பும் ஃபான் கல்லும் சம அளவு பொடித்து, வாற்கோதுமைக் கஞ்சியில் கலந்து நாளுக்கு மூன்று வேளை குடிக்க வேண்டும். நோய் இறங்கும்போது சிறுநீர் மஞ்சளாகவும் மலம் கறுப்பாகவும் போகும் என்ற குறிப்பும் அங்கே உண்டு. மலம் கறுப்பது இரும்பு உப்பு உண்டவர்களிடம் காணும் அடையாளம். ஆகவே அந்த ஃபான் படிகாரமாக இல்லாமல், இரும்பு உப்பான அன்னபேதியாக இருந்திருக்கலாம்.

தாங் காலத்தையும் அதை அடுத்த காலத்தையும் சேர்ந்த நூல்கள் வெளிநாட்டுச் சரக்கைப் புகழ்கின்றன. பாரசீக வழிவந்த குடும்பத்தில் பிறந்து சிச்சுவானில் வாழ்ந்த லீ சூன், கடல்வழி மருந்துகளைப் பற்றி எழுதிய நூலில் பாரசீகப் படிகாரத்தின் வெண்மையையும் அதற்குள் ஊசிபோல் ஓடும் கோடுகளையும் குறிப்பிடுகிறார். சோங் ஆட்சியில் படிகாரம் அரசின் ஏகபோகச் சரக்காகிவிட்டது. சாயப்பட்டறையும் தோல் பதனிடுவோரும் மூட்டை மூட்டையாக வாங்கிய பொருள் அது. மருந்துக்கடைக்குப் போனது அதில் ஒரு சிறு பங்கு.

அந்தச் சோங் காலத்தில்தான் படிகாரம் பற்றிய மிகச் சுவையான வாதம் எழுந்தது. 1116இல் மருந்து நூலாசிரியர் கோவ் சோங்ஷி எழுதினார்: படிகாரத்தைக் கரைத்த நீரால் காகிதத்தில் எழுதி உலரவிட்டால், அந்த இடத்தில் தண்ணீர் ஊறுவதில்லை, எனவே நீரை விலக்குவது இதன் இயல்பு. இதே காரணத்தால் அதிகம் உண்டால் இதயத்தையும் நுரையீரலையும் கெடுக்கும் என்றும் எச்சரித்தார். சீன ஓவியர் பட்டிலும் தாளிலும் மை பரவாமலிருக்கப் பசையோடு படிகாரம் பூசுவது நெடுநாள் வழக்கம். அவர்களின் மேசையில் நடப்பதை வைத்தே வைத்தியர் உடலுக்குள் நடப்பதை விளக்கினார். கபம் என்பது உடலில் தேங்கிய நீர் என்று கொண்டால், நீரை விலக்கும் பொருள் கபத்தையும் விலக்கும் அல்லவா? தர்க்கம் காகிதத்துக்குப் பொருந்திய அளவுக்கு நுரையீரலுக்குப் பொருந்தாது. ஆனாலும் பக்கவாதத்தில் தொண்டை அடைத்தவருக்குப் படிகாரமும் ஒருவகைச் சீனக் காயும் கொடுத்துக் கோழையை வெளியேற்றும் சூரணமும், பித்துப் பிடித்தவருக்கு ஏழு பங்கு மஞ்சள் இனக் கிழங்கும் மூன்று பங்கு படிகாரமும் சேர்த்துத் தரும் ‘பைஜின்’ மாத்திரையும் இந்த எண்ணத்தின்மேல்தான் நின்றன. கபம் மனத்தின் வாசலை அடைத்தால் புத்தி கலங்கும் என்பது அவர்கள் கொள்கை.

பொரிக்கும் பக்குவம் நம் சித்த மருத்துவத்தின் படிகார பற்பத்தை அறிந்தவர்களுக்குப் புதிதாக இராது. உடைத்த கட்டிகளைப் பாத்திரத்தில் இட்டு மூடாமல் சூடேற்றினால் முதலில் தன் நீரிலேயே உருகும். பிறகு கொதித்துப் பொங்கி, தேனடைபோல் துளை விழுந்த வெண்கட்டியாக இறுகும். இடையில் கிளறவும் கூடாது, தீயை நிறுத்தவும் கூடாது. நெருப்பு மிஞ்சினால் உப்பே சிதைந்து கந்தகப் புகை கிளம்பும். இப்படிக் கிடைக்கும் ‘குஃபான்’ ஈரத்தை உறிஞ்சுவதால் சொறி, நீர்வடியும் கரப்பான், சீழ்வடியும் காது, மூக்கில் வளரும் தசை ஆகியவற்றுக்குத் தூவும் பொடியாயிற்று. படிகாரத்தின் அலுமினியம் புரதத்தை உறையவைத்து இரத்தக் கசிவை அடக்குகிறது, கிருமிகளையும் ஓரளவு தடுக்கிறது. பழைய வெளிப்பிரயோகங்களில் பலவற்றுக்கு இந்த விளக்கமே போதும்.

லீ ஷிஜென் 1578இல் முடித்த ‘பென்சாவ் காங்மு’ படிகாரத்தின் வேலைகளை நான்காக வகுத்தது: கபத்தை வாந்தியாக வெளியேற்றல், கசிவதையும் சரிவதையும் சுருக்கிக் கட்டல், ஈரத்தை உலர்த்தல், நஞ்சை முறித்தல். அறுவை வைத்தியரான சென் ஷிகோங் 1617இல் வெளியிட்ட நூல் இதைக் கூரிய கருவியாகவே காட்டுகிறது. இரண்டு லியாங் (சீன எடை அளவு) படிகாரம், ஒன்றரை லியாங் வெள்ளைப் பாஷாணம். பொடித்துக் கலயத்தில் இட்டுச் சுடும்போது முதலில் நீலப்புகை எழும். அது அடங்கி வெண்புகை வந்து, கலயம் மேலும் கீழும் சிவந்ததும் தீயை நிறுத்தி இரவு முழுதும் தரையில் வைக்க வேண்டும். மறுநாள் மனோசிலையும் குந்திரிக்கமும் சேர்த்தரைத்து, பசையில் பிசைந்து திரியாக உருட்டி, நிழலில் உலர்த்திப் பவுத்திரப் புரைக்குள் செருகுவார்கள். சுமார் 14 நாளில் புரையின் சுவர் அழுகிக் கழன்றுவிடும் என்றார். மூலத்தை இப்படி வாடவைத்து உதிர்க்கும் முறை 1227இல் வெய் சியான் எழுதிய நூலிலேயே உண்டு. பாஷாணம் உடலில் ஏறி நோயாளியைக் கொல்லும் அபாயமும் எப்போதும் கூடவே இருந்தது.

பாஷாணத்தைக் கைவிட்டுப் படிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்ட வழி 1970களில் திறந்தது. பெய்ஜிங் குவாங்ஆன்மென் மருத்துவமனையின் ஷி ஜாவ்ச்சி 4 விழுக்காடு படிகாரமும் 0.15 விழுக்காடு டானிக் அமிலமும் கொண்ட ‘சியாவ்ஜிலிங்’ ஊசிமருந்தை உருவாக்கினார். உள்மூலத்தின் மேலும் கீழும் ஆழத்திலும் நான்கு கட்டமாகச் செலுத்தினால் இரத்த ஓட்டம் குறைந்து, திசு நாராகி, தொங்கிய பகுதி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஜப்பான் இதைத் திருத்திச் சோதித்து 2005இல் ‘ஜியோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீனப் படிகார மரபில் நவீன மருத்துவம் முழு மனதோடு ஏற்றது அநேகமாக இது ஒன்றுதான்.

உள்ளுக்குக் கொடுப்பது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. சீன மருந்தியல் நூல் அனுமதிக்கும் அளவு 0.6 முதல் 1.5 கிராம், அதுவும் சூரணமாகவோ மாத்திரையாகவோ மட்டும். உடலில் அலுமினியம் சேர்வது குறித்த அச்சம் உணவையும் தொட்டது. மந்தோவ் போன்ற ஆவியில் வேகும் மாவுப் பண்டங்களில் படிகாரம் சேர்ப்பதைச் சீன அரசு 2014 ஜூலை முதல் தடை செய்தது. ஆயினும் மருந்துக்கடையின் பின்கட்டில் அது ஏராளமாகச் செலவாகிறது. இருமலுக்கும் குமட்டலுக்கும் தரும் பான்சியா கிழங்கைப் பச்சையாக உண்டால் நாக்கிலும் தொண்டையிலும் ஊசி குத்துவதுபோல் எரியும்; கால்சியம் ஆக்சலேட்டின் நுண்ணிய ஊசிகள் அதில் நிறைந்திருப்பதே காரணம். அதன் எரிச்சலை அடக்கப் படிகாரக் கரைசலில் நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். நடுவில் வெண்புள்ளி இல்லாமல் சீராக ஊறியதா என்று வெட்டிப் பார்த்து, நாவில் வைத்தால் இலேசாக மரத்துப்போகிறதா என்றும் சோதிக்கிறார்கள். 100 கிலோ கிழங்குக்கு 20 கிலோ படிகாரம் என்பது மருந்தியல் நூல் ஒரு வகைப் பக்குவத்துக்கு வகுத்த கணக்கு.