அறுபது ஆண்டுகள் கழித்து ஒலித்த சங்கு: ஜெர்மனியின் போர்க்காலக் குழந்தைகளும் முதுமையும்

1943 ஜூலை 27 இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் ஹாம்பர்க் நகரில் நெருப்புப் புயல் எழுந்தது. அந்த நாள்களின் தொடர் தாக்குதலில் ஏறத்தாழ 34,000 பேர் மாண்டனர். பதுங்கறைகளிலிருந்து உயிரோடு வெளியே வந்த குழந்தைகள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், இடிந்த நாட்டை எழுப்பினார்கள். அறுபது, எழுபது வயதைத் தொட்டபோது அவர்களுள் பலருக்கு உறக்கம் கெட்டது. காரணம் தெரியாத அச்சம் பிடித்தது. இத்தனை காலத் தாமதத்துக்கு முதுமை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, மருத்துவமும் சமூகமும் சேர்ந்து காத்த மௌனம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போர் நடந்தபோதே குழந்தைகளைக் கூர்ந்து பார்த்தவர்கள் உண்டு. லண்டன் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைக் காப்பகங்களை நடத்திய ஆன்னா பிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும், குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிவதே பிள்ளையை அதிகம் உலுக்குகிறது என்று கண்டனர். ஜெர்மனியிலோ தாய் பக்கத்தில் இருந்தபோதும் அவளே நிலைகுலைந்திருந்தாள். தகப்பன் போர்முனையில், அல்லது மண்ணுக்குள்.

போருக்குப் பிந்தைய ஜெர்மன் உளமருத்துவம் இதைக் காண மறுத்தது. ஆரோக்கியமான மனம் எந்தப் பேரிடரையும் தாங்கி மீளும். மீளாவிட்டால் குறை பிறவியிலேயே இருந்தது என்பது முதல் உலகப் போர்க்காலம் தொட்டு அங்கே வேரூன்றிய கோட்பாடு. 1956-இன் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்த யூதர்களையே இக்கோட்பாடு திருப்பி அனுப்பியது. வதைமுகாமில் இருந்தபோது நீ சின்னக் குழந்தை, உனக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று வாதிட்ட மருத்துவர்களும் இருந்தார்கள். வதைபட்டவருக்கே இந்தக் கதி என்றால், வதைத்த நாட்டின் குழந்தைகள் தம் வலியைச் சொல்ல எங்கே வாய் திறப்பது? பெற்றோர் தலைமுறையின் குற்றம் அவர்கள் நாவைக் கட்டியது. அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருந்ததென்றே நான் கருதுகிறேன்.

திருப்பம் 1979-இல் வந்தது. நெதர்லாந்தில் யூத அநாதைக் குழந்தைகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஹன்ஸ் கைல்சன், போரில் பட்டதற்கு நிகராக, போர் முடிந்தபின் அக்குழந்தை எப்படி அரவணைக்கப்பட்டது என்பதும் பிற்கால வாழ்வைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்க உளமருத்துவக் கையேடு, ஈழத்து மருத்துவர்கள் 'மனவடு' என்று வழங்கும் பாதிப்பைத் தனி நோயாக ஏற்றது.

ஆயினும் ஜெர்மன் போர்க்குழந்தைகள்மீது கவனம் திரும்ப மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. காஸல் நகரின் உளப்பகுப்பாய்வாளர் ஹார்ட்முட் ராடெபோல்ட் 1935-இல் பிறந்தவர், தாமே போர்க்குழந்தை. முதியோருக்குச் சிகிச்சை அளித்த அவர், அவர்களின் துயரத்துக்குள் தம் பால்யத்தையும் அடையாளம் கண்டார். 2004-இல் சபீனே போடே மறக்கப்பட்ட தலைமுறை பற்றிய நூலை வெளியிட்டார். 2005-இல் பிராங்பர்ட்டில் போர்க்குழந்தைகளுக்கென்றே பெரிய மாநாடு கூடியது.

இனி, முதுமையின் பங்கு. ஓய்வு பெற்றதும் வேலை என்ற அரண் விழுகிறது. துணை இறந்தால் பழைய இழப்புகள் எழுந்து வருகின்றன. மறதிநோயில் அண்மை நினைவு முதலில் கரைகிறது, பால்யம் எஞ்சுகிறது. எல்லாவற்றையும்விட, உடல் மீண்டும் பிறர் கையை நம்பும் நிலை, அன்றைய கையறு நிலையையே நினைவூட்டுகிறது. இரவில் ஆண் பணியாளர் போர்வையை விலக்கினால், படையினரின் வன்முறையைச் சிறுமியாகக் கண்ட மூதாட்டி அலறக்கூடும். தலையணைக்கடியில் ரொட்டியை ஒளிப்பவரை 'முரண்டு பிடிப்பவர்' என்று குறிப்பேட்டில் எழுதுவது எளிது. 1946-இன் பசியை அங்கே எழுத, அவர் பிறந்த ஆண்டும் வளர்ந்த ஊரும் தெரிந்திருக்க வேண்டும்.

ராடெபோல்ட் வலியுறுத்தியது இதைத்தான்: முதியவரின் நோயைக் கேட்கும்போது அவர் காலத்தையும் கேளுங்கள். அவர் 2021-இல் மறைந்தார். போர் முடிந்த 1945-இல் பிறந்த கடைக்குட்டிகளுக்கே 2025-இல் 80 வயது ஆகிவிட்டது. கேட்க எஞ்சியிருக்கும் ஆண்டுகள் மிகக் குறைவு.