வில்லிசையின் நெடும்பயணம்

சங்கரன்கோவில் என்றதும் கோமதியம்மனின் ஆடித்தபசு நம் நினைவுக்கு வரும். அது பெருங்கோயிலின் திருவிழா. தென்பாண்டிச் சீமையின் சிற்றூர்களில் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் எடுக்கப்பெறும் கொடை விழாக்களுக்கோ வேறொரு நாதம் உண்டு. அதுவே வில்லுப்பாட்டு. நெல்லை, குமரி மாவட்டங்களில் செழித்த இக்கலையை நாடறியச் செய்தவர்களுள் சுப்பு ஆறுமுகம் முதன்மையானவர். அவருடைய கலைவாழ்வை அறிவது, ஒரு கலை இடம்பெயர்ந்த வரலாற்றை அறிவதாகும்.

மாணவ நண்பர்களே, வில்லுப்பாட்டின் கருவிகள் எளியவை. மணிகள் கட்டிய நீண்ட வில், நாணைத் தட்டும் வீசுகோல், மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவையே அவை. தலைமைப் பாடகர் கதையைச் சொல்லிப் பாடுவார். உடன் அமர்ந்திருப்போர் 'ஆமாம்' என்று ஏற்றுப் பின்பாட்டுப் பாடுவர்.

கொடை விழாவில் இப்பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. வழிபாட்டின் ஓர் உறுப்பு. தெய்வத்தின் பிறப்பும் வரத்தும் பாடப்பெறும். கதை உச்சத்தை எட்டும் வேளையில் சாமியாடியின்மேல் அருள் இறங்கும். ஆதலால் கதை இரவு முழுதும் நீளும். அதனை விரும்பியவாறு சுருக்கிவிட இயலாது.

இத்தகைய மண்ணில், திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் 1928ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பு ஆறுமுகம். அவருடைய புலமையை உணர்ந்து சென்னைக்கு அழைத்துச் சென்றவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். நாஞ்சில் நாட்டில் பிறந்த கலைவாணரும் இளமையில் வில்லுப்பாட்டில் தோய்ந்தவரே. திரைப்படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகளை எழுதிய சுப்பு ஆறுமுகம், வில்லை ஒருநாளும் கைவிடவில்லை. காந்தியடிகளின் வாழ்வும், இராமாயண பாரதக் கதைகளும், நாட்டு நலச் செய்திகளும் அவர் வில்லில் ஏறின.

சென்னையில் 1938ஆம் ஆண்டும், திருச்சியில் 1939ஆம் ஆண்டும், திருநெல்வேலியில் 1963ஆம் ஆண்டும் வானொலி நிலையங்கள் தோன்றின. விடியும்வரை பாடிய கலை, வானொலியில் குறித்த நேரத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று. எனினும் வானொலிக்கு அது இயல்பாகவே பொருந்தியது. காரணம் யாது? வானொலிக் கலைஞருக்கு எதிரே அவையில்லை. வில்லுப்பாட்டிலோ, பின்பாட்டுக்காரரே அவையினர் சார்பில் வியக்கிறார், வினவுகிறார், ஐயம் எழுப்புகிறார். கண்ணுக்குப் புலனாகாத நேயர், அவர் குரலில் தம் குரலையே கேட்கிறார். சுப்பு ஆறுமுகம் கதைகளை மாற்றினார். இந்த உரையாடலை மாற்றவில்லை. அவர் வெற்றியின் அடிப்படை இதுவே எனலாம்.

அவருக்கு 2004ஆம் ஆண்டு சங்கீத நாடக அகாதமி விருதும், 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பெற்றன. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. மேடைக்கு வந்த வில், சாமியாடியையும் நெடிய இரவையும் ஊரிலேயே விட்டு வந்தது. அங்கே ஏட்டிலும் நினைவிலும் கதைகளைக் காத்த புலவர் பலரின் பெயர்கள் எந்த நூலிலும் ஏறவில்லை. பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தமையால் சில பிழைத்தன. எஞ்சியவற்றை யார் காப்பது? உங்கள் ஊர்க் கொடையில் பாடும் முதியவரை அணுகிக் கதையைக் கேளுங்கள், எழுதி வையுங்கள். கிளை எவ்வளவு தொலைவு படர்ந்தாலும், நீர் வேரிலன்றோ ஊற்றப்பெற வேண்டும்!