தண்ணிக்குள்ள காத்திருந்த நெல்

நெல்லுக்குத் தண்ணி வேணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த நெல்லே முழுசா மூழ்கிட்டா? பெரும்பாலான ரகங்கள் ஒரு வாரத்தைத் தாண்டுறதே கஷ்டம்.

பலரும் நினைக்கிற மாதிரி அது வெறும் மூச்சுத் திணறல் மட்டும் இல்லை. செடிக்குள்ள எத்திலீன்னு ஒரு வாயு உருவாகும். தண்ணிக்குள்ள அது சுலபமா வெளியேற முடியாம உள்ளேயே சேரும். உடனே செடி, காற்றைத் தேடி வேகமா உயர ஆரம்பிக்கும். சேர்த்து வச்ச மாவுச்சத்து, சர்க்கரை எல்லாத்தையும் அதுக்கே செலவழிச்சிடும். வெள்ளம் வடியும்போது கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது. அப்படியே சாய்ஞ்சிடும்.

இந்தக் கதைக்கு விடை ஒடிசாவுல இருந்தது. அங்கே துல்லாபுட்டியான்னு ஒரு நாட்டு நெல். விளைச்சல் குறைவுதான். ஆனா வெள்ளத்துல மூழ்கினாலும் மறுபடி துளிர்க்கும். அதிலிருந்து விஞ்ஞானிகள் பிரிச்செடுத்த ரகத்துக்கு எஃப்ஆர்13ஏ-ன்னு பேர் வச்சாங்க. 'எஃப்ஆர்' என்றால் வெள்ளத்தைத் தாங்குவதுன்னு அர்த்தம்.

அதை வேற ரகங்களோட கலந்து பார்த்தாங்க. வெள்ளத்தைத் தாங்கற நெல் கிடைச்சது. ஆனா விவசாயிகள் விரும்புற மற்ற குணங்கள் சரியா அமையல. பெருசா பரவவும் இல்லை.

1996-ல் கெனாங் சூ, டேவிட் மேக்கில் இருவரும் இந்தத் தாங்கும் சக்தி ஒன்பதாவது குரோமோசோம்ல இருக்குன்னு காட்டினாங்க. பத்து வருஷம் கழிச்சு, 2006-ல், பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் உள்ளிட்ட குழு அந்த மரபணுவையே அடையாளம் கண்டது: சப்1ஏ. 'நேச்சர்' இதழில் வெளியானது.

அது செய்யறது ரொம்ப எளிமையான வேலை. எத்திலீன் சேர்ந்ததும் சப்1ஏ விழிச்சுக்கும், ஆனா "உயராதே, சேமிச்சு வை, பொறு"ன்னு செடியைத் தடுக்கும். இப்படி ரெண்டு வாரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம். தண்ணி வடிஞ்சதும் மிச்சம் இருக்கிற சத்தை வச்சு மறுபடி வளரும்.

பிறகு இந்தியாவில் பெரிய அளவில் பயிராகும் சுவர்ணா ரகத்துக்குள்ள, டிஎன்ஏ அடையாளங்களைப் பார்த்துப் பார்த்துக் கலப்பு செய்து இந்த மரபணுவைக் கொண்டு வந்தாங்க. 2009-ல் சுவர்ணா-சப்1 வெளியானது. நம்ம டெல்டாவுக்கு ரொம்பப் பழக்கமான சிஆர் 1009 ரகத்துக்கும் ஒரு சப்1 வடிவம் வந்தது.

இன்னொரு விஷயம். 2013-ல் ஒடிசா வயல்களில் நடந்த ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. பட்டியல் சாதி விவசாயிகளோட நிலங்கள் அதிகமா வெள்ளம் பாயற தாழ்வான இடங்கள்ல இருக்கு; அதனால இந்த நெல்லால அவங்களுக்கே கூடுதல் பலன்னு அது சொல்லுது.

'நேச்சர்' கட்டுரையில விஞ்ஞானிகள் பேர் இருக்கு. குறைவா விளைஞ்சாலும் இந்த விதையை விடாம தலைமுறை தலைமுறையா வச்சிருந்தவங்க பேர் எங்கேயும் இல்லை. அவங்க வச்ச பேரைக்கூட நாம எஃப்ஆர்13ஏ-ன்னு மாத்திட்டோம். அடுத்த முறை சோறு சாப்பிடும்போது துல்லாபுட்டியாங்கிற பேரை ஒருமுறை சொல்லிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.